விரல் அல்ல

கைபேசித் திரையில் ஒரு விரல் விழுந்தால் அது தட்டலா, அழுத்திப் பிடித்தலா, இழுப்பா என்று தீர்மானிக்கும் நிரலை எழுதுவது என் வேலை. கேட்கிறவர்களுக்கு இது வேலையாகவே தெரியாது. "தொட்டா தொட்டதுதானே, இதுல கண்டுபிடிக்கதுக்கு என்ன இருக்கு?" என்று சொந்தக்காரர் ஒருவர் கல்யாணப் பந்தியில் வைத்தே கேட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. விரல் விழுந்த நொடியில் போனுக்கு ஒன்றும் தெரியாது, அது காத்திருக்கும் என்று ஆரம்பித்தேன். விரல் உடனே எழுந்தால் தட்டல். எழாமல் கிடந்தால் அழுத்தல். கொஞ்சம் நகர்ந்தால் இழுப்பு. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதை என்னைப் போல ஒருத்தி எங்கோ உட்கார்ந்து ஒரு எண்ணாக எழுதிவைத்திருப்பாள். அந்த எண் பிசகினால் தட்டினவனுக்குப் பக்கம் ஓடும், இழுத்தவனுக்கு ஒன்றும் நடக்காது. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு இலையை மடக்கிவிட்டு, "செரி மக்கா, கை களுவட்டு" என்று எழுந்து போய்விட்டார்.

குழித்துறையிலிருந்து காலை ரயிலில் திருவனந்தபுரம் போய், சாயங்கால ரயிலில் திரும்புவேன். ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் சேர்த்து ஒரே நிரலாக எழுதுகிற சின்னக் கம்பெனி. ஒரே மாவில் இட்லியும் தோசையும் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். மாவு ஒன்றானாலும் அடுப்பு இரண்டு. விரல் பட்ட இடம் எவ்வளவு அகலம் என்பதை ஒரு போன் ஒரு கணக்கில் சொல்லும், இன்னொன்று வேறு கணக்கில் சொல்லும். இரண்டையும் ஒரு வழிக்குக் கொண்டுவருவதற்குள் தலைமயிர் நரைத்துவிடும். அந்த வித்தையில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. கர்வமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனார். அம்மா முந்திரி ஆலையில் வேலை பார்த்து என்னைப் படிக்கவைத்தாள். எங்கள் பக்கம் அதை அண்டி ஆபீஸ் என்பார்கள். ஆபீஸ் என்ற சொல்லைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் மேசை நாற்காலி எல்லாம் நினைத்துக்கொள்வதுண்டு. தரையில் குந்தி உட்கார்ந்து, வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துத் தட்டி, உடைந்த தோட்டுக்குள்ளிருந்து பருப்பை விரலால் எடுக்கிற வேலை அது. தோட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்ட இடம் வெந்து கறுத்துத் தோலுரியும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். ஆனாலும் அம்மாவின் விரல் நுனிகள் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கறுப்புதான்.

என் இடது காதுக்குக் கீழே கட்டைவிரல் அகலத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. நான் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, ஒரு சாயங்காலம் அம்மா வேலை விட்டு வந்த வேகத்தில் கையைச் சரியாகக் கழுவாமல் என்னைத் தூக்கிக் கொஞ்சியிருக்கிறாள். மறுநாள் அந்த இடம் பொள்ளிக் கொப்பளித்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் விரல் நுனியால் என்னைத் தொட்டதே இல்லை. கன்னத்தைத் தடவுவதென்றாலும் கண்ணீரைத் துடைப்பதென்றாலும் விரல்களை மடக்கி, அவற்றின் முதுகால்தான். தலை பின்னிவிடப் பக்கத்து வீட்டு மாமியிடம் அனுப்புவாள். சோற்றைக்கூடக் கரண்டியால்தான் சாப்பிடுவாள். "ஒங்க அம்மை தொரைசாணியா?" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேலி பண்ணினார்கள். அம்மாவுக்கு என்னைத் தொடவே பிடிக்கவில்லை என்று நான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் வந்தால் எல்லார் வீட்டிலும் புறங்கையை வைத்துத்தானே பார்ப்பார்கள். அதனால் காய்ச்சல் வந்த நாட்களில் மட்டும் என் அம்மா மற்ற அம்மாக்களைப் போலவே இருந்தாள். அந்த நாட்கள் எனக்குப் பிடிக்கும்.

எனக்கு வேலை கிடைத்த மாதமே அம்மாவின் வேலையை நிறுத்தினேன். சண்டை போட்டுத்தான் நிறுத்த முடிந்தது. கறை மெல்ல மெல்லப் போயிற்று. நகக்கண் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு மிச்சமிருந்தது. ஆனால் ரேகை திரும்பி வரவில்லை. ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வந்தபோது அது அம்மாவின் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக மறுத்தது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, வெறும் பையோடு வீட்டுக்கு வந்தாள்.

"மெஷினுக்கு எனக்க கையப் பிடிக்கல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் பாதிப் பெண்களுக்கு ரேகை இல்லை என்பதுகூடத் தெரியாமல் இதை எழுதினவன் எவன், அவன் கையில் வெந்நீரை ஊற்ற வேண்டும் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். "ஏட்டி, வாய அடக்கு. அவனும் ஒருத்தி பெத்த பிள்ளதானே" என்றாள் அம்மா. திட்டிய ஒரு சொல்லையும் நான் மறக்கவில்லை. பின்னால் அத்தனையையும் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டி வந்தது.

போன வருடம் எங்கள் கம்பெனிக்கு ஒரு வேலை வந்தது. வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கான செயலி. திரையில் பெரிதாக ஒரே ஒரு சிவப்புப் பொத்தான், அதைத் தட்டினால் பராமரிப்பவருக்கு அழைப்பு போகும். போய்க்கொண்டும் இருந்தது, தொந்தரவு என்னவென்றால் தட்டாமலேயே போயிற்று. தலையணைக்கு அடியில் போன் கிடக்கும், உள்ளங்கை அழுந்தும், உடனே அழைப்பு. செவிலியர் வண்டி எடுத்துக்கொண்டு அடித்துப் பிடித்து வந்தால் நோயாளி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார். பொய் அழைப்பை நிறுத்துங்கள் என்று வேலை கொடுத்தவர்கள் ஓயாமல் நச்சரித்தார்கள்.

பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு வடிகட்டி எழுதினேன். பட்ட இடம் ஒரு அளவுக்கு மேல் அகலமாக இருந்தாலோ, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் பட்டாலோ அது விரல் நுனி இல்லை. உள்ளங்கையாக இருக்கும், போர்வையாக இருக்கும், தள்ளிவிடு. தள்ளிய தொடுகைக்குத் திரையில் எந்த அசைவும் வேண்டாம், அதிர்வும் வேண்டாம், நோயாளி மிரளக்கூடாது என்று முடிவு செய்தவளும் நான்தான். தள்ளியதற்கான காரணத்தைப் பதிவேட்டில் எழுத ஒரு சிறு வரி வைத்தேன். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல். தமிழில் சொன்னால், 'விரல் அல்ல'.

ஆபீசில் ஐந்து பேர் அதைச் சோதித்துப் பார்த்தோம். ஐந்து பேரும் நாள் முழுக்க விசைப்பலகை தட்டுகிறவர்கள், பஞ்சு போன்ற விரல் நுனிக்காரர்கள். ஆண்ட்ராய்டிலும் சரியாக வந்தது, ஐபோனிலும் சரியாக வந்தது.

அம்மாவுக்கு அப்போது நெஞ்சில் கோளாறு தொடங்கியிருந்தது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். பகலெல்லாம் அவள் தனியாக இருப்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வந்த கையோடு, புதுப் போன் ஒன்றை வாங்கிக்கொண்டுவந்து எங்கள் செயலியின் சோதனைப் பதிப்பை அதில் ஏற்றினேன். பொத்தானை நேரே என் எண்ணுக்குத் திருப்பிவிட்டேன். அவள் வேறெங்கும் போய்க் குழம்பாதபடி திரை முழுக்க அது மட்டும் தெரியவைத்தேன். பழைய பட்டன் போனை வாங்கி அலமாரியில் போட்டேன். அதில் இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் எனக்கு அழைப்பு வரும். அம்மா நாலு வருடமாகப் பிசகாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். எதற்கு அதை எடுத்தேன் என்று கேட்டால், மகள் எழுதியதை அம்மா பயன்படுத்த வேண்டும் என்ற ஆசைதான்.

"தட்டிப் பாரும்மா."

அம்மா விரல்களை மடக்கி, கதவைத் தட்டுவதுபோல அவற்றின் முதுகால் பொத்தானில் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் வைத்தாள்.

"இது எடுக்கல்லியே மக்கா."

"வெரல வைய்யி. வெரலு நுனிய வச்சு அமுக்கு. எத்தன தடவ சொல்லது?" என்று கத்தினேன். உண்மையில் அப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது எனக்காகவே சொல்லிவைத்ததுபோல. அம்மா ஆள்காட்டி விரலை நீட்டி, பட்டும் படாமலும் அமுக்கினாள். என் போன் மணி அடித்தது. "பாத்தியா?" என்றேன். அவள் உடனே முந்தானையால் திரையை அழுத்தித் துடைத்தாள்.

"வேதப்புஸ்தகத்தத் தொடைக்கது போலத் தொடைக்கிய?" என்று கேலி செய்தேன். அவள் இன்னொரு தடவை துடைத்துவிட்டுத்தான் போனைக் கீழே வைத்தாள்.

என் வடிகட்டி மறுத்த ஒரு ஆளைக் கண்ணெதிரே பார்த்தும் நான் நிரலைச் சந்தேகிக்கவில்லை, ஆளைத்தான் திட்டினேன். அந்தப் புறங்கையை எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். தெரிந்தும் அது கண்ணில் படவில்லை. தினமும் மத்தியானம் நான் கூப்பிடும்போது அம்மா எடுத்துப் பேசினாள். அதையும் அவள் புறங்கையால்தான் எடுத்திருப்பாள். போனைத் தயாரித்தவன் வைத்த பச்சைப் பொத்தான் அவள் கையை ஏற்றுக்கொண்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, வேலை கொடுத்தவர்களுக்கு முன்னால் நின்று நான் பேசிக்கொண்டிருந்தேன். வடிகட்டி போட்ட பிறகு பொய் அழைப்பு ஒன்றுகூட இல்லை என்று பெரிய திரையில் காட்டினேன். கை தட்டினார்கள். சாயா வந்தது. நான் பிஸ்கட் எடுத்தேன். எந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு இப்போது நிமிடம் நிமிடமாகத் தெரியும், அதனால் பிஸ்கட்டைக்கூடச் சொல்கிறேன்.

பதினொன்றேகாலுக்குப் பக்கத்து வீட்டு மாமி கூப்பிட்டாள். எங்கள் தெருவுக்கு மீன்காரர் மொபெட்டில் வருவார். ஹாரன் கேட்டதும் அம்மாவும் மாமியும் இறங்கி வந்து ஒரு கூறு வாங்கிப் பாதியாகப் பங்கு வைப்பது வழக்கம். அன்று அம்மா வரவில்லை. மீன்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். மாமி சட்டியோடு எங்கள் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் அம்மா சாப்பாட்டு மேசைக்கும் வாசலுக்கும் நடுவே விழுந்து கிடக்கிறாள். போன் மேசைமேல் இருக்கிறது.

"நீ வெப்ராளப்படாத மக்கா. மூச்சு இருக்கு. மீங்காரரு ஆட்டோ பிடிக்கப் போயிருக்காரு" என்றாள் மாமி.

மார்த்தாண்டத்தில் முதலில் ஒரு ஆஸ்பத்திரி, அங்கிருந்து நாகர்கோவிலுக்கு அனுப்பினார்கள். நான் போய்ச் சேரும்போது அம்மாவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மாரடைப்பு, கொஞ்சம் முந்தி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். எவ்வளவு முந்தி என்று கேட்டேன். ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால்கூட நிலைமை வேறு என்றார். எனக்கு அம்மாவின் மேல்தான் கோபம் வந்தது. போன் கைக்கெட்டும் இடத்தில் இருந்திருக்கிறது, ஒரு தட்டுத் தட்டியிருக்கக் கூடாதா?

மறுநாள் மத்தியானம் மாமி என் மாற்றுத்துணியோடு அந்தப் போனையும் கொண்டுவந்து தந்தாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அதை மடிக்கணினியில் சொருகினேன். சோதனைப் பதிப்பு ஆனதால் விழுந்த ஒவ்வொரு தொடுகையும் நேரத்தோடு பதிவாகியிருக்கும். அம்மா தட்டவே இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் திறந்தேன்.

பத்து பன்னிரண்டு. விரல் அல்ல.

பத்து பன்னிரண்டு. விரல் அல்ல.

பத்து பதிமூன்று. விரல் அல்ல.

அப்படிப் பதினேழு வரிகள். கடைசி வரி பத்து முப்பத்தொன்றுக்கு. அகலங்களைப் பார்த்தேன். அருகருகே இரண்டு பட்டைகள், மடக்கிய விரல்கள் இரண்டின் முதுகு. வேறு யாருக்கும் அது வெறும் எண்ணாகத் தெரிந்திருக்கும். எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் கன்னத்தில் அந்தக் கையே பட்டதுபோல இருந்தது. வராந்தாவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். நான் வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு அழுதேன். எந்த நிரலைக் காட்டிக் கைதட்டல் வாங்கினேனோ அதே நிரல், அதே பத்தரை மணிக்கு, என் அம்மாவின் கையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பெஞ்சிலேயே வடிகட்டியை எடுத்துவிட்டுப் புதுப் பதிப்பை அனுப்பினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பொய் அழைப்புகள் திரும்ப வருமே என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். வரட்டும், வந்தால் போய்ப் பார்க்கட்டும் என்று கத்தினேன். பிறகு காரணத்தைச் சொன்னேன். வேறு வீடுகளில் யார் யாருடைய கையையெல்லாம் அது மறுத்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. அங்கே போனது சோதனைப் பதிப்பு இல்லை, அதில் நாங்கள் பதிவு எடுக்கவில்லை.

சாயங்காலம் பத்து நிமிடம் உள்ளே விட்டார்கள். அம்மா விழித்திருந்தாள். மூக்கில் குழாய். என்னைக் கண்டதும் கண் மலர்ந்தது.

"சாயா குடிச்சியா?"

"குடிச்சேன். எம்மா, நீ எதுக்கு மடக்குன கையால தட்டுன? வெரலு வைக்கச் சொல்லித் தந்தேன்லா?"

மெல்ல மெல்ல, மூச்சு விட்டு விட்டுச் சொன்னாள். "வெரலு வச்சா கறை பிடிக்குமே மக்கா. ஒனக்க புதுப் போனுல்லா."

"கறை எங்க இருக்கு? நீ அண்டி ஆபீசுக்குப் போறத விட்டு ஒம்பது வருசமாச்சு."

அவள் கையைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்தும் நம்பாத மாதிரி திரும்பக் கீழே வைத்தாள். "நான் தட்டுனேன். நீ எடுக்கல்ல. வேலையா இருப்பன்னு நெனச்சேன். பொறவு, சும்மச் சும்ம ஒன்னக் கூப்பிட்டு எடஞ்சல் பண்ணண்டாம்னு விட்டுட்டேன்."

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறுக்கப்பட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை. திரை அசையாமல் கிடந்ததை அவள் என் அலட்சியம் என்று நினைத்து, அதையும் நியாயப்படுத்தி, பதினேழோடு நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கு வந்து சேரவே இல்லம்மா. ஒனக்க கைய அது எடுக்காததுக்கு நான்தான் காரணம். நான் எழுதுனதுல தப்பு."

அம்மா என்னையே பார்த்தாள். முகம் தெளிந்தது. "அப்ப நீ எடுக்காம இருக்கல்ல" என்றாள். "அது போதும் மக்கா. அவனும் ஒருத்தி பெத்த பிள்ளதானேன்னு அண்ணைக்கே சொன்னேன்லா?"

அன்று நான் திட்டிய ரேஷன் மெஷின்காரனைத்தான் சொல்கிறாள் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. அந்த நிலையிலும் அவளுக்கு என்னைக் கேலி செய்யத் தெரிந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை.

அழாதே என்று சொல்வதற்காகக் கையைத் தூக்கினாள். மடக்கிய விரல்களின் முதுகால் என் கன்னத்தைத் தொட்டாள். நான் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நுனிகளைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். உடம்பில் வலுவே இல்லாதவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் மக்கா. பொள்ளிரும்."

நாலாம் நாள் காலையில் அம்மா போய்விட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மாமியும் கோயில் பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்து குளிப்பாட்டினார்கள். நானும் தண்ணீர் கோரி ஊற்றினேன். வெள்ளைச் சேலை உடுத்தி, தலை சீவி, காலுறை போட்டார்கள். எங்கள் வழக்கப்படி கடைசியில் கைகளுக்கும் வெள்ளை உறை மாட்டிச் சேர்த்துவைக்க வேண்டும். மாமி உறையை விரித்துக்கொண்டு வந்தாள்.

"ஒரு நிமிசம் மாமி" என்றேன்.

அம்மாவின் வலது கையை எடுத்தேன். மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீட்டினேன். குனிந்து, அந்த விரல் நுனிகளை என் காதுக்குக் கீழே, தழும்பின் மேல் வைத்துக்கொண்டேன். அவை குளிர்ந்து, சொரசொரப்பாக, சுத்தமாக இருந்தன. மாமி உறையைப் பிடித்தபடி காத்து நின்றாள். அம்மா இந்தத் தடவை கையை இழுத்துக்கொள்ளவில்லை.